வரப்போரச் சணலும் பதினான்கு குரோமோசோமும்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நேற்று ஒரு நண்பர் கேட்டார்: "ஏன் சார், பள்ளிப்பட்டுல சணல் யாரு போடறாங்க?" நியாயமான கேள்வி. யாரும் போடுவதில்லை. கரும்பு போடுகிறோம், நெல் போடுகிறோம், மானாவாரியில் வேர்க்கடலை போடுகிறோம். ஆனால் நாம் போடாவிட்டாலும் சணல் முளைக்கிறது. இன்று காலை கொசஸ்தலை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில் அரைமணி நேரம் நடந்தேன். மூன்று செடிகளைப் பிடுங்கிவந்தேன். இதோ இந்த ஈரச்சாக்கில் இருக்கின்றன.

கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டேன். முதல் செடிக்குப் "புண்ணாக்குப் பூண்டு" என்றார். இரண்டாவதற்கும் அதுவே. மூன்றாவதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான், மாடு தின்னும்" என்று என் பக்கம் போட்டுவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இலையின் விளிம்பில் அரம்போலப் பற்கள் இருக்கின்றன அல்லவா? காம்பை ஒட்டிய கடைசிப் பல், இரு பக்கமும், பல்லாக நிற்காமல் நீண்டு மெல்லிய நூலாகத் தொங்கும். பூனைக்கு மீசை வைத்தது மாதிரி. இந்த மீசை மூன்று செடியிலும் இருக்கிறது. ஆகவே மூன்றும் ஒரே பேரினம், கார்கோரஸ். சாக்குப்பைக்கு நார் தரும் வங்காளத்துச் சணலும் இதே பேரினம்தான். எனவே அந்த அம்மா உறவை அறிந்துதான் பேசினார். ஆனால் அதே பெயரை அவர் மெலோக்கியா என்ற இன்னொரு செடிக்கும் சொல்வார். அதன் இலையும் சணல் இலை மாதிரியே இருப்பதால் லின்னேயஸே அதற்குச் "சணல் இலையுள்ளது" என்று அடைமொழி வைத்துவிட்டார். அந்தச் செடிக்கு மீசை கிடையாது.

இனி காயைப் பாருங்கள். முதல் செடியின் காய் குட்டையானது, முதுகில் இறக்கைபோல வரம்பு ஓடும். நுனி மூன்றாக விரிந்து, ஒவ்வொரு கூரும் மறுபடி இரண்டாகப் பிளந்திருக்கும். இது கார்கோரஸ் ஈஸ்டுவன்ஸ். இரண்டாவதன் காய் நீளமானது, சற்றே வளைந்து, தடவினால் சொரசொரக்கும். இது டிரைலாகுலாரிஸ். மூன்றாவதன் காய் ஊசி மாதிரி ஒல்லி. நுனியில் மூன்று குட்டிக் கொம்பு முளைத்திருக்கும். டிரைடென்ஸ் என்ற பெயரே அதற்கு மூன்று பல் என்ற பொருளில் வந்தது. காய் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. காய் பிடிக்காத நாற்றை உங்கள் கையில் கொடுத்து இது எது என்று கேட்டால்தான் வம்பு.

இதற்கு முன்னால் நம் மொழியிலேயே ஒரு வம்பைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "சணல்" என்றால் எது? மஞ்சள் பூப்பூத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுகிற பசுந்தாள் உரச்செடி சணப்பை. அது அவரைக் குடும்பம். சணலுக்கும் அதற்கும் பத்து தலைமுறை போனாலும் உறவு இல்லை. ஆந்திராவுக்காரர் கோங்கூரா என்று ஊறுகாய் போடுகிற புளிச்சையின் தண்டிலும் நார் உண்டு. சீகாகுளம், விஜயநகரம் பக்கம் அதை மெஸ்தா என்று நாருக்காகவே பயிரிட்டார்கள். அது செம்பருத்திக்குச் சொந்தம். மூன்று நாரும் சந்தையில் ஒரே மூட்டையில் "சணல் கயிறு" என்று விற்கும். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் நூலை விரலால் உருட்டிப் பார்த்தே என்ன நூல் என்று சொல்லும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை நீட்டி விளக்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நகர்கிறேன்.

பயிரிடும் சணலில் இரண்டு இனம். கேப்சுலாரிஸ் என்பதற்கு உருண்டைக் காய், இலை கசக்கும். ஒலிடோரியஸ் என்பதற்கு நீளக் காய், இலை கசக்காது. அந்த இலைதான் எகிப்தில் முலூக்கியா என்ற கீரை. ஆயிரம் ஆண்டுக்கு முன் அல்-ஹாக்கிம் என்ற கலீபா அதைச் சாப்பிடக் கூடாது என்று தடை போட்டாராம். தடை போய்விட்டது, கீரை இருக்கிறது. இரண்டு இனங்களின் பூர்வீகமும் வேறு. ஒலிடோரியஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கேப்சுலாரிஸ் இந்தியா, பர்மா எல்லைப் பக்கத்தைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. இவை தவிரக் காட்டினங்கள். எத்தனை என்று கேட்டால் நூலுக்கு நூல் விடை மாறும். நாற்பது என்பாரும் உண்டு, நூறு என்பாரும் உண்டு. இந்தக் குழப்பமே என் பேச்சின் பொருள்.

ஒரு செடி எந்த இனம் என்று பார்வைக்குத் தெரியாதபோது அதன் உள்ளே போய்ப் பார்ப்பதுதான் வழி. உள்ளே போனால் முதலில் எண்ணக் கூடியது குரோமோசோம். இந்த எண்ணும் வேலையில் தென்னாட்டுக்குப் பழைய பெருமை உண்டு. கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், பின்னாளில் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து 1945ல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். பருத்தியில் எண்ணிக்கை நல்ல சாட்சி. நம் தாத்தா காலத்துக் கருங்கண்ணிக்கு 26, இன்று பரவலாகப் பயிராகும் அமெரிக்க வகைக்கு 52. இரண்டையும் சேர்த்தால் ஏன் ஒட்டாது என்று ஒன்றாம் வகுப்புக் கணக்கிலேயே புரிந்துவிடும்.

சணலில் அந்தச் சாட்சி கைவிட்டுவிட்டது. கேப்சுலாரிஸ் 14. ஒலிடோரியஸ் 14. என் ஈரச்சாக்கில் இருக்கிற மூன்றும் 14, 14, 14. ஃபேசிகுலாரிஸ் என்று ஈர நிலத்தில் வளரும் இன்னொன்றும் 14. அமெரிக்கக் கண்டத்துக் காட்டினங்கள் சிலவற்றில், சிலிக்குவோசஸ், ஹிர்ட்டஸ் போன்றவற்றில் 28 என்று இரட்டித்திருக்கிறது. மற்றபடி பெரும்பாலும் ஒரே எண். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் முப்பத்தைந்து மார்க் வாங்கிய வகுப்பைப் போல. யாருக்கு என்ன தெரியும் என்று மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது, விடைத்தாளைத் திறக்கத்தான் வேண்டும்.

விடைத்தாளைத் திறக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் இதைப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்து மட்டுமே படித்திருப்பார்கள். விதையை ஈரத் தாளில் முளைக்கவிட வேண்டும். வேர் விரல் நகத்தின் நீளம் வந்ததும், காலை வேளையில், செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிகிற நேரம் பார்த்து நுனியை வெட்டவேண்டும். வெட்டியதை ஹைட்ராக்சிகுயினோலின் கரைசலில் போட்டு வைத்தால் குரோமோசோம்கள் சுருங்கித் தனித்தனியே நிற்கும். பிறகு ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால். அதில் உயிர் அந்த நொடியிலேயே உறைந்துவிடும். பிறகு இளஞ்சூட்டு அமிலத்தில் மென்மையாக்கி, ஆர்சீன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடி வைத்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பக்கவாட்டில் ஓர் இழை நகர்ந்தாலும் போயிற்று. சணல் குரோமோசோம் மிகச் சிறியது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நூறு தகடு செய்தால் ஐந்து தகடு தேறும். அந்த ஐந்தில் ஒன்றில்தான் பதினான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கிடக்கும்.

கிடந்த பிறகு எண்ணுவதோடு நின்றால் பயனில்லை என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். இடுப்பு எங்கே இருக்கிறது, நடுவிலா ஓரத்திலா? ஒரு கை எவ்வளவு, மறு கை எவ்வளவு? வாலில் ஒரு சிறு குமிழ் தொங்குகிறதா? டாக்கா பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர் இதற்கு இரண்டு ஒளிரும் சாயங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிஎம்ஏ என்பது மரபுப்பொருளில் ஒரு வகை எழுத்துக்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் மஞ்சளாக ஒளிரும், டாப்பி என்பது மற்ற வகை எழுத்துக்கள் நெருங்கிய இடத்தில் நீலமாக. ஆர்சீனில் ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு குரோமோசோம்கள் இங்கே ஒன்று மஞ்சள் புள்ளியோடும் ஒன்று இல்லாமலும் நிற்கும். பதினான்கு என்ற ஒரே எண்ணுக்குள் இனத்துக்கு இனம் வேறு வேறு வரிசை இருப்பது அப்படித்தான் துலங்குகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. குரோமோசோம் பெட்டி மாதிரி. பெட்டியின் நீள அகலம் தெரிகிறது, உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பது தெரியவில்லை. வேலை செய்வது நொதிகள். எனவே இரண்டாவது சாட்சியாக நொதியைக் கூப்பிட்டார்கள்.

ஒரே வேலையைச் செய்கிற நொதி ஒரு செடியில் பல வடிவங்களில் இருக்கும். மார்க்கெர்ட்டும் மோலரும் 1959ல் இவற்றுக்கு ஐசோசைம் என்று பெயர் வைத்தார்கள். அதற்குச் சில ஆண்டு முன்னால், 1955ல், ஸ்மித்தீஸ் என்பவர் உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சிப் பலகையாக்கி அதில் மின்சாரம் விட்டுப் புரதங்களைப் பிரித்துக் காட்டியிருந்தார். மாவைத் துணிக்குப் போட்டால் கஞ்சி, கண்ணாடியில் ஊற்றினால் அறிவியல். அந்தக் கஞ்சிக்குப் பதிலாக இப்போது பாலிஅக்ரிலமைடு ஜெல். இலையைக் குளிர்ந்த உரலில் அரைத்துச் சாறு எடுத்து, ஜெல்லின் மேல் ஓரத்துக் குழிகளில் ஊற்றி மின்சாரம் விட்டால், மின்னூட்டம் அதிகமானதும் உருவம் சிறியதும் வேகமாக ஓடும், மற்றவை பின்தங்கும். ஓட்டம் முடிந்ததும் ஜெல் வெறும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். நொதிக்குத் தீனி போட்டால்தான் இருக்குமிடம் காட்டும். எஸ்டரேஸ் என்ற நொதிக்கு நாப்தைல் அசிட்டேட்டும் ஃபாஸ்ட் புளூ சாயமும் கொடுத்தால், பத்து நிமிடத்தில் வெற்று ஜெல்லில் கரும்பழுப்புக் கோடுகள் ஒன்றொன்றாக எழும்பும். முதன்முதலாக அதைப் பார்த்த நாளில் நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

அதற்கு முந்தைய நாள் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மாணவனாக இருந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மூன்று வாரம் வளர்த்த நாற்றுகளை அரைத்து ஊற்றிவிட்டு, சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியதைக் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டேன். கீழே ஓட வேண்டிய சாறு மேலே ஏறி, தொட்டித் தண்ணீரில் கலந்து போயே போய்விட்டது. இரண்டு மணி நேரம் வெறும் ஜெல்லுக்குக் காவல் இருந்திருக்கிறேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. "நாத்து இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கோடுகளை எப்படிப் படிப்பது? பயிரிடும் இரண்டு இனங்களுக்கும் கோடுகளின் வரிசை வேறு. காட்டினங்களுக்கு அவரவர் வரிசை. சில கோடுகள் எல்லாருக்கும் பொது, அவை குலத்தின் அடையாளம். சில கோடுகள் ஒருவருக்கே உரியவை. எத்தனை கோடு பொது, எத்தனை தனி என்று எண்ணி ஒப்பிட்டால் யார் யாருக்குப் பங்காளி என்று ஒரு கணக்கு கிடைக்கும். ஒன்றை மறக்கக் கூடாது. நொதி வயதுக்கு வயது மாறும், வேருக்கு ஒன்று இலைக்கு ஒன்று என்று மாறும், வெயிலடித்தால் மாறும். பத்து நாள் நாற்றின் இலையைப் பத்து நாள் நாற்றின் இலையோடுதான் ஒப்பிட வேண்டும். பெராக்சிடேஸ் என்ற நொதி இதில் மகா சஞ்சலக்காரன், செடியைக் கிள்ளினாலே அதன் கோடு கூடிவிடும். இந்த எச்சரிக்கை இல்லாமல் எழுதிய கட்டுரைகளைப் படித்து நான் ஏமாந்ததுண்டு.

நொதிக் கோட்டின் உண்மையான பெருமை கலப்பினத்தில்தான் தெரியும். தாய்க்கு ஒரு கோடு மேலே, தந்தைக்கு ஒரு கோடு கீழே என்றால் பிள்ளையிடம் இரண்டும் இருக்கும். அந்த நொதி இரண்டு துண்டு சேர்ந்து ஆகிற வகையாக இருந்தால், தாய்த் துண்டும் தந்தைத் துண்டும் ஒட்டி நடுவில் மூன்றாவது கோடு ஒன்று வரும். பாவு ஓர் ஊரிலிருந்தும் ஊடை வேறோர் ஊரிலிருந்தும் வந்து நெய்த துணி மாதிரி. பெற்றோர் இருவரிடமும் இல்லாத அந்தக் கோடு ஒன்றே போதும், இது கலப்புதான், பக்கத்து வயல் விதை தவறி விழுந்ததில்லை என்று சாதிக்க.

சணலில் இந்தச் சாட்சி ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? கேப்சுலாரிஸையும் ஒலிடோரியஸையும் சேர்க்க நாற்பது ஐம்பது ஆண்டு முட்டி மோதினார்கள். எண் ஒன்று, குடும்பம் ஒன்று, ஒரே பருவத்தில் பூக்கும். ஆனால் மகரந்தம் வைத்தால் காய் பிடித்துச் சில நாளில் உதிர்ந்துவிடும். 1957ல் கணேசன், ஷா, நம் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் மூவரும் கரண்ட் சயின்ஸ் இதழில் இந்தத் தோல்விக்குக் காரணம் தேடி எழுதினார்கள். 1960 தொடக்கத்தில் டாக்காவின் அ.ச. இஸ்லாமும் ரஷீதும், காம்பில் வளர்ச்சி ஊக்கி தடவிக் காயை உதிராமல் நிறுத்தி, இரண்டு சணலுக்கும் பிறந்த முதல் கலப்பினத்தை நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே சுவாமிநாதனும் ஐயரும் சுல்பாவும் தங்கள் கலப்பினங்களின் குரோமோசோம்களைப் பற்றி எழுதினார்கள்.

1960 என்றதும் இந்த ஊரில் வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பட்ட பாடு முன்வரிசையில் உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். எல்லைக்கோடு போட்ட பிறகும் அந்தப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையில் மதகு திறந்தால் வெள்ளம் இங்கேதான் வருகிறது. சணலும் இப்படி ஓர் எல்லையில் மாட்டிக்கொண்ட பயிர். 1947ல் சணல் விளைகிற நிலத்தில் பெரும்பகுதி கிழக்கு வங்கத்துக்குப் போனது, ஆலைகள் ஹூக்ளிக் கரையில் இந்தியாவில் நின்றன. பழைய ஆராய்ச்சி டாக்காவில் தங்க, இந்தியா பாரக்பூரில் தனியாக ஒரு நிலையம் வைத்துக்கொண்டது. இரண்டு நாடும் ஒரே செடியை ஒரே உருப்பெருக்கியில் தனித்தனியே பார்த்த காலம் அது. இஸ்லாமுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒலிடோரியஸ் மாதிரியே தோன்றும் ஒரு காட்டினத்துக்கு, அவரும் ஸைதும் சேர்ந்து வைத்த பெயர் "போலி ஒலிடோரியஸ்". இதைவிட நேர்மையாக ஒரு செடிக்குப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை.

சரி, காட்டுச் சணலைத் துருவி யாருக்கு என்ன லாபம் என்று கரும்புக்காரர்கள் கேட்கலாம். கேட்கக் கூடாதவர்களும் அவர்கள்தான். ஆற்றோரத்து நாணலைக் கரும்போடு சேர்த்து 1918ல் கோயம்புத்தூர் வெளியிட்ட கோ 205 இல்லாவிட்டால் இன்றைய கரும்பு இந்தக் கரும்பாக இருக்காது. சணலில் அப்படி ஒரு கதை இன்னும் முழுசாக நடக்கவில்லை, பாதி நடந்திருக்கிறது. வங்காளத்தில் பல ஆண்டு நிலத்தை ஆண்ட ஜேஆர்ஓ 632 என்ற வகை, சீக்கிரம் விதைத்தால் வளராமலேயே பூத்துவிடும். சூடான் கிரீன் என்ற ஆப்பிரிக்கச் சணலை அதோடு சேர்த்த பிறகுதான் முன்கூட்டி விதைக்கக் கூடிய ஜேஆர்ஓ 524 வந்தது. 1977ல் வெளியான அந்த வகை பல பத்தாண்டு கோலோச்சியது. அங்கேயே ஆபத்தும் இருக்கிறது. நாடு முழுக்க ஒரே வகை என்றால் ஒரு நோய் வந்தால் போதும். மேக்ரோபோமினா என்ற பூசணம் சணல் தண்டை அழுகவைக்கிறது. பயிரிடும் இரண்டு இனங்களுக்குள்ளும் வேறுபாடு குறைவு என்பதை நொதிக்குப் பின்னால் வந்த மரபுப்பொருள் சோதனைகளும் உறுதி செய்தன. எதிர்ப்புச் சக்தியைத் தேடி வேலிக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. தண்டழுகலைத் தாங்கும் காட்டினங்களில் ஒன்றாகப் பாரக்பூர்க்காரர்கள் கைகாட்டுவது கார்கோரஸ் ஈஸ்டுவன்ஸை. என் சாக்கில் உள்ள முதல் செடி. காலையில் அந்த அம்மா மாட்டுக்குப் போட இருந்தது.

நொதிச் சோதனை பழையதாகிவிட்டது என்பது உண்மைதான். வங்கதேசத்தின் மக்சூதுல் ஆலம் குழு 2010ல் ஒலிடோரியஸின் முழு மரபுத்தொகுதியைப் படித்துவிட்டதாக அறிவித்தது, 2017ல் இரண்டு இனங்களுடையதும் அச்சில் வந்தது. அந்த அளவு எழுத்து கையில் இருக்கும்போது கோடு எண்ணுவானேன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இயந்திரம் வாங்கக் காசிருந்தால் எண்ண வேண்டாம். நம்மைப் போன்ற ஊர்க் கல்லூரிகளுக்கு ஒரு மின்சாரப் பெட்டியும் கொஞ்சம் சாயமும் இன்னமும் கட்டுப்படியாகும். குரோமோசோம் பார்க்க அதுவும் வேண்டாம், ஓர் உருப்பெருக்கியும் ஒரு கட்டைவிரலும் போதும்.

நேற்று இரவு செய்த தகடு ஒன்று அந்தக் கடைசி மேசையில் உருப்பெருக்கியின் கீழே இருக்கிறது. ஈஸ்டுவன்ஸ் வேர்நுனி. நாற்பது தகட்டில் தேறியது அது ஒன்றுதான். பதினொன்று தெளிவாகத் தெரிகிறது, மற்ற மூன்றும் ஒரு மூலையில் நெருக்கி நிற்கின்றன, கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் பிரியும். வரிசையாக வந்து பாருங்கள். பெரிய திருகை மட்டும் தொட வேண்டாம், கண்ணாடி உடைந்துவிடும்.